மூயாரின் முதுகில் பதினாறு அங்குலம்

நெரிஸ் ஜார்மனின் வேனுக்குள் ஏறினால் முதலில் தோல் வாசனை அடிக்கும், அடுத்து ஈரக் கம்பளி வாசனை, அதற்கப்புறம்தான் அவள் சாப்பிட்டு வைத்த சாண்ட்விச் வாசனை. மலைக்கு இந்தப் பக்கம் மாச்சின்ஹ்லெத் ஊர் வரைக்கும் அந்தப் பக்கம் கடல் வரைக்கும் யார் குதிரை வைத்திருந்தாலும் சேணம் பொருத்த அவளைத்தான் கூப்பிடுவார்கள். சேணம் பொருத்துகிறவர்களுக்கான பரீட்சையில் ஒரு தடவை தோற்று, மறுதடவை தேறியவள். தோற்றதை அவளே எல்லோரிடமும் சொல்லிவிடுவாள், வேறு யாராவது சொல்வதற்கு முன்னால்.

வயது நாற்பத்தொன்பது. கணவன் காட்டிலாகாவில் மரம் அறுக்கிறவன், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டான். அவளுடைய கைவிரல்கள் எப்போதும் சாக்கட்டியால் வெளுத்திருக்கும். ஒரு குதிரை முன்னால் போய் நின்றதும் அவள் செய்கிற முதல் காரியம் இதுதான்: விலா எலும்புகளை வயிற்றுப் பக்கமிருந்து விரலால் தடவிக்கொண்டே மேலே போய், கடைசி விலா முதுகில் சேருமிடத்தில் தையற்காரர் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவாள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் சேணம் போகக் கூடாது. அங்கே எலும்புத் தாங்கல் கிடையாது, வெறும் இடுப்புத்தான். முன்னால் தோள்பட்டை எலும்பு அசைகிற இடத்திலும் உட்காரக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற இடம்தான் சேணத்துக்கு உண்டான இடம்.

மலைக்குதிரைகளில் அந்த இடம் கொஞ்சம். குட்டை முதுகு, உருண்டை வயிறு, கழுத்துக்குப் பின்னால் மேடே இல்லாமல் மேசைமாதிரி தட்டை. மேலே எதை வைத்தாலும் முன்னால் வழுக்கிக்கொண்டு போகும்.

மூயார் அப்படிப்பட்ட ஒரு பெண் மட்டக்குதிரை. எட்டு வயது. முட்புதரில் பழுக்கிற பழம் மாதிரி கருஞ்சிவப்பு நிறம்; அந்தப் பழத்துக்கு அவர்கள் மொழியில் மூயார் என்று பெயர், அதனால்தான் இவளுக்கும் அது. நெரிஸின் தங்கை எலுனெட்டினுடையது. அண்ணன் எம்லின் நடத்துகிற பன்ட்கிளாஸ் பண்ணையில், அவன் செலவில் நின்றது.

எலுனெட் பிப்ரவரியில் ரெக்ஸம் நகரத்திலிருந்து திரும்பி வந்தாள், இரண்டு அட்டைப்பெட்டியும் ஒரு கெட்டிலுமாக. பதினோரு வருடக் கல்யாணம் முடிந்துபோயிருந்தது. என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காலையில் எழுந்து கொட்டகைக்குப் போனாள், அங்கேயே இருந்தாள். பத்து நாள் கழித்து நெரிஸைக் கூப்பிட்டு, "தாண்டுறதுக்குச் சேணம் வேணும். ஜூலை கண்காட்சியில மட்டக்குதிரைங்க தடை தாண்டுற போட்டியில இவளைக் கூட்டிட்டுப் போகப்போறேன்" என்றாள்.

தாண்டுவதற்கான சேணம் வேறு மாதிரி. ஏறுகிறவரின் முட்டி முன்னால் போக வேண்டும் என்பதற்காக, பக்கவாட்டில் தொங்குகிற தோல் மடிப்பு முன்பக்கம் நீண்டிருக்கும். எலுனெட் குடும்பத்திலேயே நெட்டை. தொடை நீளம். அவளுக்குப் பதினேழு அங்குல இருக்கை வேண்டும், பதினேழரை இருந்தால் நல்லது. நெரிஸ் அன்று சாக்கட்டிக் கோடு போட்டாள், அளந்தாள். மூயார் முதுகில் இருந்தது பதினாறு அங்குலச் சேணத்துக்கான இடம்.

பதினேழை வைத்தாள். பின்பக்கம் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் போனது. தங்கை வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், வந்ததிலிருந்து முதல் தடவையாக முகத்தில் ஏதோ இருந்தது. நெரிஸ் சேணத்தை இரண்டு விரல் முன்னால் தள்ளினாள். பின்பக்கம் கோட்டுக்குள் வந்துவிட்டது. முன்பக்கம் தோளின்மேல் ஏறியது. குளிர்காலம் முடிகிற சமயம், குதிரை மெலிந்திருந்தது. அதனால் அழுத்தம் அவ்வளவாகத் தெரியவில்லை. சேணத்துக்குள் அடைத்த கம்பளி படிந்து சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வயிற்றுவாரை இறுக்கினாள்.

மேயில் புல் வந்தது. மூயார் தோள் பக்கம் சதை போட்டாள். ஜூன் முதல் வாரத்தில் தடைக்கு முன்னால் நிற்க ஆரம்பித்தாள். இரண்டாவது தடவை நின்றபோது எலுனெட் கழுத்துக்கு மேலாகப் போய் விழுந்து காறையெலும்பில் விரிசல்.

எம்லின் அதிகம் பேசுகிறவனில்லை. தங்கையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக் குதிரைச் சந்தைக்கு மூயார் பெயரைக் கொடுத்துவிட்டான். "தாண்ட மறுக்கும். உள்ளபடி விற்பனை." இந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பெயர் வாங்கிய குதிரைக்கு ஏலத்தில் கை தூக்குகிறவர் ஒருவர்தான், அவர் குதிரைகளை எடை பார்த்துக் கறிக்காக லாரியில் ஏற்றுகிறவர்.

எலுனெட் அழவில்லை. சண்டை போட்டாள். கடைசியில் எம்லின் இவ்வளவுதான் இறங்கி வந்தான்: "புதன்கிழமை சாயங்காலம் என் கண் முன்னால நாலு தடையை நிக்காம தாண்டட்டும். பேரை எடுத்துடறேன்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நெரிஸ் ஒன்பது சேணத்தோடு வந்தாள்.

எலுனெட் ஒரு கையைத் தூளியில் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றாள். "ஒன்பதா கொண்டுவந்தே? கடையவே தூக்கிட்டு வந்துட்டே."

"ஏதாவது ஒண்ணு பொருந்தும்."

"ஏதாவது ஒண்ணு பொருந்தியே ஆகணும், நெரிஸ்."

பழைய சேணத்தை முதலில் போட்டாள் நெரிஸ். மூயாரைக் கயிற்றில் கட்டி இருபது நிமிடம் வட்டமாக ஓடவிட்டாள். வேர்த்ததும் நிறுத்திச் சேணத்தைத் தூக்கினாள். முதுகு முழுக்க ஈரம். தோள்பட்டைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்குக் காய்ந்த இடம். வேர்வை வராத இடத்தில்தான் அழுத்தம். அந்த இடத்தைத் தொட்டதும் மூயார் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டாள்.

நெரிஸ் பழையதை ஓரமாக வைத்தாள். அடுத்த சேணத்தை எடுத்தாள்.

பதினாறரை. பின்பக்கம் கோட்டை மீறியது. இன்னொரு பதினாறரை, உள்சட்டம் அகலமானது. முன்பக்கம் சரி, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, இரண்டு நடை நடந்ததும் ஊஞ்சல் மாதிரி ஆடியது. மூன்றாவதும் அப்படித்தான். நாலாவது பதினாறு. அது மூயார் முதுகில் ஒட்டவைத்தமாதிரி உட்கார்ந்தது. குதிரை மூச்சை விட்டுத் தலையைத் தாழ்த்தியது.

"இதுதான்" என்றாள் எலுனெட்.

"ஏறிப் பாரு. ஒரு கையால முடியுமா?"

ஏறினாள். அவள் முட்டி மடிப்பைத் தாண்டி முன்னால் தொங்கியது. பின்னால் சேணத்தின் விளிம்பு மேலேயே உட்கார்ந்திருந்தாள். தாண்டும்போது அவள் பாரம் முழுக்க அந்த விளிம்பில்தான் இறங்கும், அதாவது குதிரையின் இடுப்பில்.

"குனிஞ்சு உக்காந்துக்கறேன்."

"குனிஞ்சா முன்னால விழுவ."

"முட்டியை மடக்கிக்கறேன்."

"உன் தொடைய வெட்டிட்டு வந்தாத்தான் உண்டு, எலுனெட்."

இருவரும் சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் நின்றுபோனது. மீதி ஐந்தையும் போட்டுப் பார்த்தார்கள். செம்மறித்தோல் வைத்துப் பார்த்தார்கள். முன்னால் வழுக்காமலிருக்க வாரின் கோணத்தை மாற்றினார்கள். ஆறு மணிக்கு எம்லின் ஆட்டு மயிர் வெட்டுகிற இடத்திலிருந்து தேநீர் குடிக்க வந்து, முற்றத்தில் பரப்பிக் கிடந்த சேணங்களைப் பார்த்துவிட்டு அவற்றைத் தாண்டி உள்ளே போனான்.

"இன்னும் அகலமா ஒண்ணு இருக்குன்னு சொன்னியே, தோல்கெஹ்லாய் ஊர்க் கடையில" என்றாள் எலுனெட்.

"அதுவும் பதினேழு."

"பரவாயில்லை, பதினேழு போடு. முன்ன மாதிரியே போடு. ரெண்டு விரல் தள்ளித்தானே போட்ட. நாளைக்கு ஒரு நாள் தாண்டிட்டா போதும்."

நெரிஸ் கையிலிருந்த சேணத்தைக் கீழே வைத்தாள். "நான் தள்ளினது உனக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதானே நின்னேன். நீ பண்ணா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

நெரிஸ் குதிரை பக்கம் திரும்பினாள். மூயாரின் சேணத்தைக் கழற்றினாள், கடிவாளத்தையும் கழற்றினாள். வேலிக்குள் எலுனெட் பழகுகிற தடை ஒன்று இருந்தது, முட்டிக்கு மேல் உயரத்தில் ஒரு கம்பு. அதை இன்னும் ஒரு சாண் ஏற்றிவிட்டு, தீவன வாளியை எதிர்ப்பக்கம் வைத்து, குதிரையை விட்டாள். மூயார் வேலியோரமாக ஒரு சுற்று சுற்றினாள். பிறகு யாரும் சொல்லாமலே கம்பை நோக்கி வந்தாள், முன்னங்கால்களை மார்பு வரைக்கும் மடக்கித் தாண்டினாள். வாளியைத் தொடாமல் திரும்பி வந்து இன்னொரு தடவை தாண்டினாள்.

அடுத்து பழைய சேணத்தைப் பழைய இடத்தில் போட்டாள், மேலே ஆள் இல்லாமல். மூயார் கம்பு வரைக்கும் வந்தாள். நின்றாள். கம்பை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனாள்.

எலுனெட் வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தோளைக் கட்டிப்போட்டுட்டு காலைத் தூக்குன்னா எப்படித் தூக்குவா" என்றாள் நெரிஸ். "நான்தான் பண்ணேன். பிப்ரவரியிலேயே தெரியும் எனக்கு. உனக்கும் அவளுக்கும் சேர்த்துப் பொருந்துற சேணம் கிடையாது. யார்கிட்டயும் கிடையாது."

"செஞ்சு வாங்கலாம்."

"முதுகைச் செஞ்சு வாங்க முடியாது."

எலுனெட் வேலிக்கட்டையை விட்டாள். பிறகு தாழ்ந்த குரலில், "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே வித்திருப்பேன். நல்ல பேரோட போயிருப்பா" என்றாள். அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

நெரிஸ் சமையலறைக்குப் போனபோது எம்லின் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "சரி. தப்பு குதிரையோடது இல்ல, நாளைக்குத் தாண்டிக் காட்ட வேண்டாம். ஆனா இங்க யார் ஏறப்போறா? நானா? தொண்ணூத்தஞ்சு கிலோ இருக்கேன். இந்த வருஷம் வைக்கோல் ஆட்டுக்கே காணாது" என்றான்.

"தாண்ட மறுக்கும்னு போட்டதையாவது மாத்து."

"பட்டியல் அச்சடிச்சாச்சு."

"மேடையில ஏலக்காரர் வாசிக்கலாமே. எழுதிக் கொடுத்தா வாசிப்பாங்க. நீ கையெழுத்துப் போடணும்."

அந்த ஊர்ச் சந்தையில் அது ஒரு வழக்கம். குதிரை வளையத்துக்குள் வந்ததும், விற்கிறவர் எழுதிக் கொடுத்ததை ஏலக்காரர் ஒலிபெருக்கியில் வாசிப்பார். அதில் பொய் இருந்தால் குதிரையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதனால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். நெரிஸ் ஒரு விலைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். எம்லின் வாசித்துப் பார்த்தான்.

"உன் பேரை எதுக்கு இதுல எழுதற? சேணம் சரியில்லைன்னு மட்டும் எழுது. போதும்."

"அப்படி எழுதினா யாரும் நம்பமாட்டாங்க. ஒவ்வொருத்தனும் அதைத்தானே எழுதறான்."

"வெள்ளிக்கிழமை அங்க வர்ற முக்கால்வாசிப் பேர் உன்கிட்ட வேலை கொடுக்கறவங்க."

"தெரியும். போடு கையெழுத்தை."

அவன் போட்டான்.

சந்தையில் மழைத் தூறல். எலுனெட் ஒரு கையால் மூயாரை வளையத்துக்குள் நடத்திக்கொண்டு வந்தாள். அக்காவோடு மூன்று நாளாகப் பேசவில்லை. நெரிஸ் தடுப்புக்கு வெளியே, அவளைத் தெரிந்தவர்களுக்கு நடுவில் நின்றாள். ஏலக்காரர் சீட்டைத் தனக்குள் ஒரு தடவை படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவளைத் தேடினார்.

"இதை வாசிக்கணுமா, நெரிஸ்?"

"எழுதியிருக்கிறதை வாசிங்க."

"எண் நாற்பத்தொன்று. மூயார். எட்டு வயசுப் பெண் மட்டக்குதிரை. பட்டியல்ல தாண்ட மறுக்கும்னு போட்டிருக்கு. மறுத்ததுக்குக் காரணம், முதுகுக்கு நீளமான சேணத்தைத் தோள்மேல தள்ளிப் போட்டது. போட்டவர், சேணம் பொருத்தற நெரிஸ் ஜார்மன். சேணம் இல்லாம நல்லாத் தாண்டறா. பதினாறு அங்குலச் சேணத்துக்குள்ள அடங்கற ஆளுக்குத்தான் இவ லாயக்கு." அவர் சீட்டை மடித்தார். "இவ்வளவுதான் எழுதியிருக்கு."

கூட்டம் நெரிஸ் பக்கம் திரும்பியது. பிறகு யாரோ, "அப்ப என் குதிரையையும் ஒரு தடவை பாக்கணும் போலிருக்கே" என்றார், பத்துப் பேர் சிரித்தார்கள். நெரிஸ் சிரித்தவர்கள் யார் யார் என்று பார்க்கவில்லை. முகம் எரிந்தது. அவள் கண் லாரிக்காரரின் கைமேல் இருந்தது. அவர் முந்நூறு பவுண்டுக்குத் தூக்கினார். முந்நூற்றைம்பதுக்கு வேறு யாரும் தூக்கவில்லை. ஏலக்காரர் ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொன்னார். எலுனெட் குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

எதிர்ப்பக்கத்துத் தடுப்புக்கு மேலாகத் தலை மட்டும் தெரிகிற அளவுக்குக் குட்டையான ஒரு பெண், அறுபது வயதிருக்கும், பச்சை மழைக்கோட்டு, கையிலிருந்த பட்டியலைத் தூக்கினாள். லாரிக்காரர் இன்னொரு தடவை தூக்கினார். அவளும் தூக்கினாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

அந்தப் பெண் ஆங்கிள்சித் தீவுக்காரி. வந்து கயிற்றை வாங்கும்போது எலுனெட் நிறைய சொன்னாள்: காலையில் கொஞ்சம் முரண்டு பண்ணுவாள், இடதுபக்கக் காதைத் தொட்டால் பிடிக்காது, கேரட்டைவிட நூக்கோல்தான் இஷ்டம். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். நெரிஸ் அருகில் போய், பதினாறு அங்குலத்தில் அகலச் சட்டம் ஒன்று வேனில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.

"வேண்டாம்மா, தப்பா எடுத்துக்காத" என்றாள் அந்தப் பெண். "எங்க ஊர்லயே சேணம் பொருத்த ஆள் இருக்கு."

"சரி" என்றாள் நெரிஸ்.

திரும்பும்போது எலுனெட் அண்ணனோடு போகவில்லை, வேனில் வந்து ஏறினாள். மடியில் வெறும் கயிறு. பாதி மலை ஏறும்வரைக்கும் கண்ணாடித் துடைப்பான் சத்தம் மட்டும்தான். நெரிஸின் போன் இரண்டு தடவை அடித்தது. இரண்டு தடவையும் வண்டியை ஓரம் கட்டி எடுத்தாள், "பரவாயில்லைங்க" என்று சொல்லி வைத்தாள்.

"யாரு?"

"திங்கட்கிழமை வரச் சொன்ன ஒருத்தர். செவ்வாய்க்கிழமை ஒருத்தர். வேண்டாம்னுட்டாங்க."

எலுனெட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "உன்மேல இன்னும் கோபம் தீரலை எனக்கு."

"தெரியும்."

"செவ்வாய்க்கிழமை சும்மாத்தானே இருப்ப."

"சும்மாத்தான்."

"அப்ப வா. கொட்டகையைக் கழுவணும், எனக்கு ஒரு கைதான் இருக்கு."

நெரிஸ் கியரை மாற்றினாள். வண்டி முனகிக்கொண்டு மேட்டில் ஏறியது.