சீமாட்டியின் பள்ளியில் விழுந்த அடி

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடக்கும் கட்டடம் ஒரு சீமாட்டி கட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், நெசவாலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகக் கட்டினாளாம். நடைபாதையில் அவளுடைய படம் தொங்குகிறது. சண்டைக்கு நிற்கிற முகம். முதல் பார்வையிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெர்மன்காரர் அவள் கதையை ருசித்து ருசித்துச் சொல்வார். அவள் வேலைக்கு வைத்த வாத்தியார் ஒரு சிறுவனைக் காது கிழியும்வரை அடித்தாராம். பிரபு வீட்டுப் பெண் நேரே வகுப்புக்குள் போய், பிரம்பைப் பறித்து, அந்த வாத்தியாரின் முகத்திலேயே விளாசினாளாம். அதற்குப் பிறகுதான் தன் பள்ளியில் இனிப் பிரம்பே கூடாது என்று விதி போட்டாளாம். அந்தச் சிறுவன் என்ன ஆனான் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

மகளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்த அன்று, என் கணவர் ஊர் வழக்கப்படி வாத்தியாரிடம் சொன்னார்: "கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை உரிச்சுப் போடுங்கோ, அண்ணை."

எல்லோரும் சிரித்தோம். வாத்தியாரும் சிரித்தார். அது ஒரு மரியாதைப் பேச்சு. இந்த நாட்டில் பிள்ளையில் கை வைத்தால் பொலிஸ் வாசலில் நிற்கும் என்று யாருக்குத்தான் தெரியாது?

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, மகளைக் கூட்டிவரக் கொஞ்சம் முந்திப் போய்விட்டேன். வகுப்புக் கதவுக்கு வெளியிலேயே அடிச் சத்தம் கேட்டது. உள்ளே என் எட்டு வயது மகளின் இடது கையை மேசையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கோடு போடும் மர அடிமட்டத்தின் விளிம்பால் விரல் மொளிகளில் இறக்கிக்கொண்டிருந்தார் வாத்தியார். தோல் பிய்ந்து, எழுதிய கொப்பியெல்லாம் இரத்தம். மற்றப் பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடிமட்டத்தைப் பறித்தேன். தோளில் ஒன்று, காதோடு ஒன்று. அவருடைய கண்ணாடி பறந்துபோய்ச் சுவரில் மோதியது. எனக்கு வெட்கமே இல்லை. உண்மையைச் சொன்னால், இனித்தது. நானே அந்தச் சீமாட்டி என்று நினைப்பு. அவர் மூலைக்குள் ஒடுங்கி, காதில் வழிந்த இரத்தத்தைக் கையால் துடைத்தார்.

"தங்கச்சி, உங்கட மனிசன்தானே அண்டைக்குச் சொன்னவர்."

அதற்கும் ஒன்று போட்டேன்.

மூச்சு வாங்க மகளைத் தேடினேன். மேசைக்குக் கீழே ஒடுங்கியிருந்தாள். குனிந்து, வெளியே வரச் சொன்னேன். அடிமட்டம் இன்னும் என் கையில்தான் இருந்தது. அவள் மெல்ல வெளியே வந்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டு, காயம்படாத வலது கையை விரித்து என் முன்னால் நீட்டினாள்.