காற்றிறங்கிய மாதிரி இருந்த நான்கு டயர்கள்

என் மனைவி விதித்த நிபந்தனையை அன்றைக்கே நாட்குறிப்பில் எழுதி, அவளிடம் படித்துக் காட்டி, சரிதானா என்றும் கேட்டுக்கொண்டேன். பின்னால் தகராறு வரக் கூடாது அல்லவா? நிபந்தனை இதுதான். சித்திரையில் கம்பம்மெட்டில் அவள் அக்கா கட்டிய புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு என் சிவப்பு வண்டியிலேயே போகலாம். ஆனால் வழியில் டயருக்காக ஒரே ஒரு தடவை நின்றுவிட்டாலும், வண்டியை அங்கேயே அக்கா புருஷனுக்கு விற்றுவிட்டு நாங்கள் பஸ்ஸில் திரும்ப வேண்டும்.

"சாப்பிட நிக்கலாம், பெட்ரோலுக்கு நிக்கலாம், எனக்குத் தண்ணி தவிச்சா நிக்கலாம். டயருக்கு மட்டும் நிக்கக் கூடாது. எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"நான் கையெழுத்துப் போடோணுமா?"

"அதெல்லாம் வேண்டாம்."

பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். தேதியும் அவளே எழுதினாள்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. எழுபதுகளின் நடுவில், நெல்லியாம்பதித் தோட்டத்தை விட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மேனேஜரிடம் நான் வாங்கிய பந்தய வகைக் கார் அது. இரண்டு பேர்தான் உட்காரலாம். மேலே மடக்குத் துணிக்கூரை. சக்கரங்களில் சைக்கிளுக்கு இருப்பதுபோல் கம்பிகள். தரையோடு தரையாகப் பதுங்கி நிற்பதால் கொழிஞ்சாம்பாறையில் அதற்குத் 'தவக்களை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வண்டி நல்ல வண்டிதான். அதன் டயர்கள்தான் எங்களூர் வெயிலுக்குத் தாங்கவில்லை. பங்குனியில் ஒரு நாள் பொள்ளாச்சி ரோட்டில் அடுத்தடுத்து இரண்டு டயர்கள் வெடித்தன. மாற்றுச் சக்கரம் ஒன்றுதான் இருந்தது. நான் அடுத்த டயருக்கு ஆள் அனுப்பிவிட்டு நிற்க, பட்டுச் சேலையோடு அவள் வாய்க்கால் பாலத்துக் கட்டையில் குடை பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று பஸ்கள் கடந்து போயின. மூன்றிலும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர் தலையை நீட்டி, "ஏனுங்கக்கா, ஏறிக்கறீங்களா?" என்று கேட்டார். அந்தக் கண்டக்டருக்கு அவளைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். பஸ்ஸில் சிரித்தவர்களைக்கூட அவள் மன்னித்துவிட்டாள், அந்த 'அக்கா'வை மன்னிக்கவில்லை.

அவள் அக்கா புருஷன், எனக்குச் சகலை, கம்பம்மெட்டில் ஏலக்காய் வியாபாரம் செய்தார். தவக்களையை ஒருமுறை பார்த்ததிலிருந்து அவருக்கு அதன் மேல் ஒரு கண். எனக்கு எழுதும் கடிதங்களில் குடும்பத்தார் நலம் விசாரிப்பதற்கு முன் வண்டியின் நலம் விசாரிப்பார். வெடித்த செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்ததும், வண்டி நிறுத்தப் புதிதாக ஒரு கொட்டகை போட்டிருப்பதாக எழுதினார்.

ஆகவே நான் டயரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு மாதம் செலவழித்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தனியாக ஒதுக்கினேன். பொள்ளாச்சியில் எனக்குப் பழக்கமான டயர் கடைக்கு ஐந்து முறை போனேன். ஒவ்வொரு டயரின் மேலும் வெட்டியிருக்கும் காடியின் ஆழத்தைத் தீக்குச்சி விட்டு அளந்தேன், ரப்பரில் கட்டைவிரல் நகத்தை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தேன், பக்கச் சுவரைத் தட்டிச் சத்தம் கேட்டேன். கடைக்காரர் பொறுமைசாலி. நான்காம் முறைதான் வாய் திறந்தார்.

"ஏனுங்க, டயரு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பொண்ணுன்னா அரை மணி நேரத்துல முடிவு பண்ணிடலாமுங்க. இது நூத்தம்பது மைல் வெயில்ல ஓடோணும்."

அவரிடம் இருந்த சாதாரண டயர்கள் கெட்டியானவை. மாட்டு வண்டிப் பாதைக்கும் கல் ரோட்டுக்கும் தோதானவை. ஆனால் அவற்றின் உள்ளே நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாக ஓடுகின்றன. வேகம் கூடும்போது அந்த நூல்கள் ஒன்றோடொன்று உரசிச் சூடேறுகின்றன. மேலே வெயில், கீழே தார், உள்ளே இந்த உரசல். எங்கள் இரண்டு டயர்களும் செத்தது இப்படித்தான் என்பது என் முடிவு. மேல்தோல் புதுப்பித்த பழைய டயர் இன்னும் மோசம், சூட்டில் தோல் கழன்றுவிடும்.

ஐந்தாம் முறை போனபோது அவர் பரணைக் காட்டினார். கொச்சியிலிருந்து வந்த நான்கு வெளிநாட்டு டயர்கள், காகிதம் சுற்றியபடியே. யாரோ பந்தயம் ஓட்டுகிறவர் தருவிக்கச் சொல்லி, பிறகு வாங்க வரவேயில்லையாம்.

"ரேடியலுங்க. மழைக்கு ஆவாது, காடி நெம்பக் கொறச்சல். வெயிலு டயரு. சட்டுனு தேஞ்சும் போயிருமுங்க."

வெயில் டயர்! நான் இருபது வருடமாக மழையளவு குறித்து வைத்திருப்பவன். எங்கள் பக்கம் வானம் மழைக்கு எவ்வளவு நாள் ஒதுக்கியிருக்கிறது என்று என்னைக் கேட்டால் தெரியும். இந்த டயரில் நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடுகிறது, உரசல் இல்லை. ரப்பர் மெது, வளைவில் தரையைப் பிடிக்கும். ஓரங்களில் ரப்பர்க் கட்டிகள் அகலம். ஒன்றை இரவல் வாங்கி வந்து, சாதாரண டயர் ஒன்றோடு சேர்த்து உச்சி வெயிலில் களத்தில் கிடத்தி, மணிக்கொரு தரம் நகத்தை அழுத்திப் பார்த்துக் குறித்தேன்.

"ஏனுங்க, மொளகாயைக் கூட்டித் தள்ளிப்போட்டு டயரைக் காயப் போட்டிருக்கீங்க?" என்று மனைவி வந்து நின்றாள். "வத்தல் போடறீங்களா?"

பக்கச் சுவரில் பொறித்திருந்த எழுத்தைக் காட்டினேன். "இந்த எழுத்து இருந்தா மணிக்கு இருநூத்திப் பத்துக் கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும்னு அர்த்தம்."

"நம்ம வண்டி எவ்வளவு ஓடும்?"

"நூத்தி இருபது. எறக்கத்துல."

"முன்னாடி கரும்பு ஏத்துன மாட்டு வண்டி போச்சுன்னா? அதுக்கு என்ன எழுத்து?"

நோட்டை மூடிவிட்டுப் பொள்ளாச்சிக்குப் போனேன். நான்கையும் வாங்கி மாட்டினேன்.

அவற்றின் ஒரு குணத்தை நான் நோட்டில் எழுதியிருந்தேன், ஆனால் அதன் விளைவை யோசிக்கவில்லை. ரேடியல் டயரின் பக்கச் சுவர் மெத்தென்று இருக்கும். சரியான அளவு காற்று இருந்தாலும் தரையைத் தொடுமிடத்தில் பிதுங்கிக்கொண்டு, காற்று இறங்கிய மாதிரியே தெரியும். எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் ரேடியலைக் கண்டதில்லை.

விடியற்காலை கிளம்பினோம். முன்சக்கரங்களில் இருபத்து நான்கு பவுண்டு காற்று, பின்சக்கரங்களில் இருபத்தாறு. ஊர் எல்லை தாண்டவில்லை, பால் கேனோடு சைக்கிளில் வந்தவர் கையை ஆட்டினார். "காத்து இல்லீங்க! காத்து!" கோபாலபுரத்தில் டீக்கடையே எழுந்து நின்று சொன்னது. உடுமலையில் ஒரு லாரி டிரைவர் எங்கள் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாகக் கத்தினார். நின்று விளக்கம் சொன்னால் டயருக்காக நின்றதாகிவிடும். ஆகவே நான் கையை உயர்த்தி நன்றி காட்டியபடி போய்க்கொண்டே இருந்தேன். மனைவி மடியில் கைவைத்து, சொன்னவர்களை எண்ணிக்கொண்டே வந்தாள்.

"பதினொண்ணு," என்றாள் பழனியில். ஒட்டன்சத்திரம் தாண்டி, "இருவத்திமூணு. அந்த ஆட்டுக்காரம்மாவையும் சேத்து."

"ஆட்டுக்காரம்மா சும்மா கும்பிட்டாங்க."

"கும்புட்டுப்போட்டு டயரைக் காட்டுனாங்க. நீங்க ரோட்டைப் பாருங்க."

டயர்கள் அருமையாக ஓடின. பெட்ரோலுக்கு நின்ற இடத்தில் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுதான். தேனியில் சாப்பிட நிறுத்தினேன். அங்கேதான் வினை.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், ஓட்டலுக்குப் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் கைப்பம்பை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். பனியனைப் பிழிந்தால் ஒரு சொம்பு நீர் வரும். நான்கு டயர்களிலும் பிதுக்கம் போய், பானை மாதிரி விறைத்து நின்றன.

"நாலுலயும் காத்தே இல்லண்ணே. எப்படித்தான் இம்புட்டுத் தூரம் வந்தீகளோ! நல்லா திம்முனு அடிச்சு விட்டுட்டேன். காசெல்லாம் வேணாம், பொம்பளையாளு கூட இருக்காக, பாத்துப் போங்க."

ஓட்டல் வாசலில் நின்ற நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். "இப்பத்தான் டயரு டயராட்டம் இருக்கு," என்றார் ஒருவர்.

காற்றளவு பார்க்கும் கருவி என் சட்டைப் பையில் இருந்தது. அங்கேயே குனிந்து காற்றைத் திறந்துவிட்டிருக்கலாம். எப்படியும் சாப்பிடத்தானே நின்றோம், கணக்கில் வராது. ஆனால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்களை வழியனுப்ப நிற்கும் அந்த மனிதர் முன்னால், அவர் அடித்த காற்றைப் புஸ்ஸென்று எப்படித் திறந்துவிடுவது? கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

சின்னமனூர் தாண்டுவதற்குள் வண்டியின் ஓட்டமே மாறிவிட்டது. வண்டி ஒவ்வொரு சிறு மேட்டிலும் துள்ளியது. ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. நாற்பது பவுண்டுக்கு மேல் இருக்க வேண்டும், வெயிலில் இன்னும் ஏறும். இதோடு கம்பம்மெட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது முட்டாள்தனம். நின்றால் வண்டி சகலையின் கொட்டகைக்குப் போய்விடும். மனைவி இரண்டு கையாலும் கதவைப் பிடித்திருந்தாள்.

உத்தமபாளையத்துக்கு அந்தப் பக்கம், பனை மரத்தடியில் ஒரு கிழவர் நுங்குக் குலைகளோடு உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்துங்க," என்றாள். "நுங்கு வேணும்."

"இப்பத்தானே சாப்பிட்டோம்?"

"தண்ணி தவிக்குதுங்க. நிறுத்துங்கன்னா."

நிறுத்தினேன். இறங்கி ரோட்டைக் கடந்து போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது, ஆனால் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். எனக்கு அரை நிமிடம் விளங்கவில்லை. விளங்கியதும் கருவியை எடுத்துக்கொண்டு சக்கரத்தடியில் குனிந்தேன். நாற்பத்து நான்கு! கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டேன்.

"என்ன தாயி, புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்குது? பாம்பு கீம்பு கெடக்கா?" என்றார் கிழவர்.

"இல்லீங்க. எங்க ஊட்டுக்காரருக்குச் சளி."

நான்கு சக்கரத்துக்கும் சளி முடிகிறவரை அவள் நுங்குக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். சூடான டயர் என்பதால் நான்கு பவுண்டு கூடவே விட்டு வைத்தேன். கைகளைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த பிறகுதான் திரும்பினாள்.

மலைப்பாதையில் அந்த டயர்களின் அருமை தெரிந்தது. வளைவில் சக்கரம் கீச்சிடவில்லை, பின்பக்கம் ஒதுங்கவில்லை. நினைத்த கோட்டில் வண்டி திரும்பியது. முதல் வளைவுகளில் அவள் "மெதுவா, மெதுவா" என்றாள். பாதி மலையில் குரல் நின்றுவிட்டது. அப்புறம், "முன்னாடி போற அந்த லாரியை ஏன் இன்னும் விட்டு வெச்சிருக்கீங்க?" என்றாள்.

மேலே சோதனைச் சாவடியில் ஒரு மலையாளக் காவலர் குனிந்து பார்த்து, "காற்று இல்லல்லோ சாரே," என்றார். "முப்பத்தொண்ணு," என்றாள் மனைவி எனக்கு மட்டும் கேட்கும்படி.

சகலை வாசலிலேயே நின்றார். மலைக்கு வந்த இத்தனை வருடத்தில் அவர் பேச்சில் கம்பத்துத் தமிழ் ஏறியிருந்தது. என்னை 'வாங்க' என்று கேட்டாரோ இல்லையோ, நேராக அவளிடம் திரும்பினார். நிபந்தனை அவருக்கும் கடிதத்தில் போயிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"என்ன கொழுந்தியா, உண்மையைச் சொல்லணும். வழியில நின்னீகளா?"

"நின்னோமுங்க மாமா."

கொட்டகையிலிருந்து புதுச் சுண்ணாம்பு வாசனை வந்தது.

"பெட்ரோலுக்கு நின்னோம், சாப்பிட நின்னோம், அக்காவுக்கு நுங்கு வாங்க நின்னோம்." இலையில் கட்டியதை அக்கா கையில் கொடுத்தாள்.

"டயருக்கு?"

"டயருக்கு எதுக்குங்க நிக்கோணும்? அது பாட்டுக்கு ஓடுச்சு."

அக்கா ஒரு நுங்கை எடுத்துக் கடித்தாள். கடிபடவில்லை. இன்னொன்றை விரலால் அமுக்கினாள். கல்.

"ஏம்புள்ள, அத்தனையும் முத்தல். பத்து நுங்கு வாங்கோணும்னா நூறு நுங்கை அமுக்கிப் பாக்கறவ நீ. எங்க பாத்துக்கிட்டு வாங்குனே?"

மனைவி என்னைப் பார்க்கவில்லை. சேலைத் தூசியைத் தட்டினாள். அக்கா மட்டும் டயரை ஒரு தரம், தங்கையை ஒரு தரம் பார்த்துவிட்டு, வாயை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனாள். சகலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நுங்கு மலை ஏறினால் கெட்டியாகிவிடும் போல என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வண்டியிலேயே திரும்பினோம். இறக்கத்தில் கம்பம் பள்ளத்தாக்கு தெரியத் தொடங்கியதும் கேட்டேன், நீ வைத்த நிபந்தனையை நீயே ஏன் இப்படி வளைத்தாய் என்று.

"நிபந்தனை டயருக்குத்தானுங்க, நுங்குக்கு இல்லை," என்றாள். வளைவு ஒன்று போனது. "அதுவுமில்லாம, எங்கக்கா இந்த வண்டியில ஒய்யாரமா உக்காந்து கம்பத்துக்குச் சினிமாவுக்குப் போறதை, நான் கொழிஞ்சாம்பாறையில உக்காந்து நெனச்சுக்கிட்டு இருக்கோணுமா?"