தெருக்குத்துக் காணி

கண் போன பிறகு எங்கள் வீட்டில் வந்த முதல் சண்டை தேநீரால் வந்தது. பிளாஸ்கில் இருந்து தானே ஊற்றிக் குடிப்பேன் என்று என் கணவர் பிடிவாதம் பிடித்தார். கையைச் சுட்டுக்கொள்ளப் போகிறார் என்று நான் பிளாஸ்கைப் பறித்தேன்.

"கோப்பை நிரம்பேக்கை சத்தம் மாறும். எனக்குக் கேக்கும். நீர் கையை எடும்," என்றார்.

எடுத்தேன். ஆனாலும் துணியோடு பக்கத்திலேயே நின்றேன். விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்தினார். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அன்றிலிருந்து அவருடைய தேநீரை நான் தொடுவதில்லை.

சலரோகம், அந்தச் சீனி வருத்தம்தான், அவருடைய கண்ணைக் கொண்டுபோனது. அதற்கு முன்பு யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் பஸ் ஓட்டினார். மகள் கலியாணம் செய்து வவுனியாவில் இருக்கிறாள். மானிப்பாயில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள், வாடகை வீட்டில், நாங்கள் இரண்டு பேரும்தான். அந்த ஒழுங்கையை அவர் காதாலேயே பாடமாக்கி வைத்திருந்தார். படலை திறபடும் விதத்தில் வருவது யார் என்று சொல்லிவிடுவார். கடுகு வெடித்தால் கதிரையையும் தூக்கிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்துவிடுவார். எனக்குக் கோபம் என்றால் செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். இது எனக்குப் பெரிய தொல்லை. கண் தெரிந்த காலத்தில் இந்த மனிசன் என் முகத்தைப் பார்த்துக்கூட அதைக் கண்டுபிடித்ததில்லை.

பிறகு ஒருநாள் வீட்டுக்காரர் கனடாவில் இருந்து கதைத்தார். வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். நல்ல மனிசன், ஒரு வருடம் தவணை தந்தார். அந்த வருடம் முடிவதற்குள், வீடில்லாதவர்களுக்கான வீட்டுத்திட்டம் ஒன்றில் எங்கள் பெயர் வந்தது. மருதனார்மடத்துக்கு அப்பால், பெரிய வீதியை ஒட்டிய வெறுங்காணியில் வீடுகள் கட்டப் போகிறார்கள். நான் அன்றைக்கே ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்துவிட்டேன்.

முதல் கூட்டம் ஒரு சனசமூக நிலையத்தில் நடந்தது. சுவரில் படம் தொங்கியது. முன்வரிசை வீடுகள் எல்லாம் கிழக்கே வீதியைப் பார்த்தபடி இருந்தன. வீதியில் இருந்து ஓர் ஒழுங்கை உள்ளே போனது. அதன் இரண்டு பக்கமும் வீடுகள். ஒழுங்கை முடிகிற இடத்தில் தனியாக ஒரு காணி. ஒழுங்கை நேரே போய் அந்தக் காணியின் நெற்றியில் முட்டியது. தெருக்குத்து. தெரு வந்து குத்துகிற இடத்தில் வீடு கட்டினால் அந்த வீட்டில் ஒரு ஆள் குறையும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே முறைப்பாடுதான், வீதிச் சத்தம். வீதியை அகலமாக்கி, தார்க் காப்பெற் போட்ட பிறகு வாகனங்கள் பறக்கின்றன. "பிள்ளையள் எப்பிடிப் படிக்கிறது?" என்று ஒரு தாய் கேட்டாள். "டிப்பர் போகேக்கை சுவர் வெடிக்காதோ?" என்று ஒரு ஐயா எழும்பினார். நானும் என் பங்குக்குக் கையை உயர்த்தி, "கதவைச் சாத்திப்போட்டு இருந்தால் வெக்கையிலை அவிஞ்செல்லோ போவம்?" என்றேன்.

படத்தை விளங்கப்படுத்திய பொறியியலாளர் இளம் ஆள், பொறுமைசாலி. வீதிப் பக்கம் மதில் வரும், வேம்பு நடுவோம், ஆனால் வேம்பு வளர வருடக்கணக்கு ஆகும் என்று மறைக்காமல் சொன்னார். பிறகு கம்பால் படத்தைத் தொட்டார்.

"சத்தம் வேண்டாம் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு உந்தக் கடைசிக் காணி இருக்கு. வீதிச் சத்தம் உங்கை அவ்வளவா வராது. ஆருக்கு விருப்பம்?"

அவ்வளவு நேரமும் கத்திய கூட்டம் மூச்சு விடவில்லை. பொறியியலாளர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்களும் விளங்கப்படுத்தவில்லை. நான் என் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்வரிசைக்குத்தான் பெயர் கொடுத்தேன். கிழக்கு வாசல். வாசலில் இறங்கினால் பஸ். கிளினிக்குக்குப் போக வர வசதி. தொலைபேசியில் அக்காவும், "கெட்டித்தனமாச் செய்திருக்கிறாய். தெருக்குத்துக்குப் போனவை ஆரும் நல்லா இருந்ததில்லை," என்றாள். வீதிச் சத்தம் பரவாயில்லையோ என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார்.

"எனக்கென்ன? ஆயுள் முழுக்க எஞ்சினுக்குப் பக்கத்திலைதானே இருந்தனான். பஸ் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி."

நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. கண்ணே போய்விட்ட வீட்டில் இனி எதற்குப் பயம் என்று யாராவது கேட்கலாம். அவர் இருக்கிறாரே. ஓர் ஆள் குறைய வேண்டுமென்றால் அந்தத் தெருக்குத்து வீட்டில் யார் குறைவார் என்பதை நான் நினைத்தே பார்க்க மாட்டேன்.

அடுத்த கிழமை ஒரு காலையில் காணியைப் பார்க்க இரண்டு பேரும் போனோம். பற்றையை வெட்டித் துப்புரவாக்கி, இலக்கம் எழுதிய கட்டைகளை அடித்திருந்தார்கள். வீதிக்கரையில் ஒரு பூவரசு நின்றது. அதன் நிழலில் ஒரு கல்லில் அவரை இருத்திவிட்டு, நான் வீட்டை நடந்து அளந்தேன். இது குசினி, இது அறை, இதிலை உங்கடை கதிரை என்று சத்தம் போட்டுச் சொன்னேன். எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. திரும்பி வந்து பிளாஸ்கையும் கோப்பையையும் அவர் கையில் வைத்தேன்.

அவர் பிளாஸ்கைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"நீரே ஊத்தித் தாரும்."

களைப்பாக்கும் என்று ஊற்றிக் கொடுத்தேன். பிறகு நாலடி தள்ளி நின்று, "இண்டைக்கு மத்தியானம் என்ன சமைக்க?" என்று கேட்டேன். ஒரு டிப்பரும் அதன் பின்னால் இரண்டு பஸ்களும் போயின.

"ஓமோம், நல்லா இருக்கு," என்றார்.

சோதித்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது. "மகள் போன் எடுத்தவளோ?" என்று கேட்டேன். மகள் அன்றைக்கு எடுக்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஓம்," என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு மெல்ல அவருக்கு மற்றப் பக்கம் வந்து நின்றேன். அவருக்குத் தெரியவில்லை. நான் முதலில் நின்ற இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒருவரும் இல்லை. கட்டையும் வெயிலும்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

மானிப்பாய்க்குத் திரும்பி எங்கள் ஒழுங்கைக்குள் வந்த பிறகுதான் கேட்டேன்.

"ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. தடியால் தரையைத் தட்டிக்கொண்டு இரண்டு வீட்டுத் தூரம் நடந்தார்.

"உமக்குத் தெருக்குத்துக்குப் பயம். எனக்குச் சத்தத்துக்குப் பயம். ரெண்டு பேற்றை பயத்துக்கும் ஏத்த காணி உங்கை இல்லை. உம்மடை பயம் பெரிசு எண்டு விட்டிட்டன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நீங்கள் என்ன பெரிய தியாகியோ என்று ஒழுங்கையிலேயே நின்று ஏசினேன். ஏசி முடியும் வரை நின்று கேட்டார். பிறகு படலையைத் தானே திறந்துவிட்டு எனக்கு வழிவிட்டார். அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சரியான நித்திரை இல்லை. ஆள் குறையும் என்று பயந்து நான் எடுத்த வீட்டில், நான் உயிரோடு அவர் பக்கத்தில் நின்றும் அவருக்கு இல்லாமல் போயிருப்பேன். இதைத்தான் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீட்டு எழுதிக் குலுக்கிக் காணிகளைக் கொடுக்கிற நாளில், குலுக்குவதற்கு முன்பு எழும்பினேன்.

"எங்கடை பேரை முன்வரிசையிலை இருந்து எடுத்துவிடுங்கோ. எங்களுக்குக் கடைசிக் காணியைத் தாங்கோ."

நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும் என்று வீட்டில் நினைத்திருந்தேன். குரல் கீச்சென்றுதான் வந்தது. "அது தெருக்குத்தெல்லோ, அக்கா?" என்று பின்னால் ஒரு பெண் உண்மையான அக்கறையோடு கேட்டாள். தெரியும் என்றேன். எழுதிக்கொண்டிருந்த உத்தியோகத்தரும், "யோசிச்சுத்தானே சொல்லுறியள்?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். பொறியியலாளர் மட்டும், ஒரு காணியாவது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்ற முகத்தோடு இருந்தார்.

அக்காவுக்குச் சொன்னபோது, "உனக்கென்ன விசரோ?" என்று தொலைபேசியை வைத்துவிட்டாள். நாலு நாள் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் அவளே எடுத்து, வாசலுக்கு நேரே ஒரு பிள்ளையாரை வை, மறந்துபோகாதே என்றாள்.

போன கிழமை அந்தக் காணிக்கு அவரை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போனேன். அத்திவாரம் இன்னும் வெட்டவில்லை. அவர் நடுவில் நின்று கொஞ்ச நேரம் தலையைச் சரித்துக் கேட்டார். வீதி எங்கோ தூரத்தில் இரைந்தது. பின்னால் தோட்டத்தில் தண்ணீர் மோட்டர் ஓடியது. யாரோ மாட்டை ஏசினார்கள். அவருடைய முகம் தெளிந்தது.

"வாசல் எதிலை வேணும் எண்டு பாப்பம். நீர் போய் நிண்டு கதையும்," என்றார்.

நான் காணியின் முன்பக்கக் கட்டைகளுக்கு நடுவில் போய் நின்றேன். ஒழுங்கை முழுவதும் என் முன்னால் நேரே கிடந்தது. நேராக என்னை நோக்கித்தான் வந்தது.

"இதிலை வாசலை வைக்கலாம். நல்ல வெளிச்சம் வரும், காத்தும் வரும்," என்று உற்சாகமாகச் சொன்னேன்.

அவர் தடியை ஊன்றாமல், என் குரல் வந்த இடத்தைப் பார்த்து நேரே நடந்து வந்தார். எனக்கு முன்னால், கை எட்டுகிற தூரத்தில், சரியாக நின்றார்.

"பயமா இருக்கோ?"

"இல்லை."

"பொய் சொல்லாதையும். கேக்குது."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, பயமாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன்.