சாயங்கால லேப்

படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை; அந்த வீட்டில் நான் பார்த்துக்கொண்டது அப்பாவை. பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. மகள் இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஒல்லியாக, எப்போதும் ஒயரும் கையுமாக இருப்பதால் வகுப்பில் அவளுக்குக் 'கம்பி' என்று பெயர்.

அவளுடைய ப்ராஜெக்ட் அதிவேக ஆம்ப்ளிஃபையர். கண்மூடித் திறப்பதற்குள் கோடி முறை ஏறி இறங்கும் சிறு சிக்னலை வடிவம் கெடாமல் பெரிதாக்க வேண்டும். அவ்வளவு வேகத்தைத் திரையில் காட்டும் ஸ்கோப் காலேஜ் லேபில் ஒன்றுதான். பகலில் அது வகுப்புகளுக்கு. சாயங்காலம்தான் ப்ராஜெக்ட் பிள்ளைகளுக்கு. சாயங்காலம் நான் அடுத்த வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். அம்மா இல்லாத வீடு. அப்பாவோடு இருக்கக் கம்பி வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

கட்டிலோரம் ஒரு பழைய ஸ்கோப்பை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறினாள். லேபிலிருந்து தோழிகள் போட்டோ அனுப்புவார்கள்: மேஜை நிறைய ஒயர், பிஸ்கட் பாக்கெட், நாற்காலியிலேயே தூங்கும் ஒருத்தி. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். ஸ்கோப்பைப் பார்க்கிறாளா, ஆட்களையா என்று நான் கேட்டதில்லை.

ப்ராஜெக்ட் தேர்வுக்கு முந்தின நாள். மத்தியானமே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா, உன் பொட்டி பேசுச்சா?" என்றார் அப்பா.

"நிறுத்தவே மாட்டேங்குதுப்பா. உள்ள ஒண்ணுமே குடுக்கல, அதுவா கத்துது."

"உங்க அத்தை மாதிரின்னு சொல்லு."

சிரித்தாள். சிரித்த வாயோடு அழுதாள். வீட்டு ஸ்கோப்பின் திரையில் கோடு கொஞ்சம் தடிமனாகத்தான் தெரிந்ததாம். கருவிக்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டாள். அந்தத் தடிமன்தான் கத்தல் என்று அன்று வகுப்பு இடைவேளையில் லேப் ஸ்கோப்பில் மாட்டிப் பார்த்ததும்தான் தெரிந்ததாம். பழைய ஸ்கோப்பின் வேகத்துக்கு அது பிடிபடவில்லை. ஒயர்களைக் குட்டையாக வெட்டி எல்லாவற்றையும் நெருக்கிப் பற்றவைத்தால் அடங்கலாம். அடங்கியதா என்று பார்க்க அந்த லேப் வேண்டும்.

"போயேன்."

"உங்கள விட்டுட்டாப்பா?"

"நான் என்ன எந்திரிச்சு ஓடிடப் போறேனா?"

அடுத்த வீட்டுக்குப் போன் போட்டுத் தாமதமாக வருவேன் என்றேன். "பெரியம்மா..." என்று இழுத்தாள். "பேச்சை விடு, பஸ்ஸைப் பிடி" என்றேன்.

இருட்டியபின் போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

"அடங்கிடுச்சுப்பா! கோடு சுத்தமா இருக்கு! அப்பா... எல்லாரும் இங்கதான் இருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா?"

"இருந்துட்டு வா. அவசரமே இல்ல."

போன் அணைந்த பிறகும் அதை வலது கையிலேயே வைத்திருந்தார். நான் வாங்கி மேஜையில் வைத்தேன். அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம்.

"கதவுப் பக்கமா போடுக்கா."

"இவ்வளவு நேரம் அந்தப் பக்கம்தானே இருந்தீங்க? புண்ணாயிடும்."

சுவர்ப் பக்கமே திருப்பினேன். முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"கேட் சத்தமா அது?"

"இல்ல."

"வந்தா சொல்லு."