பத்தியம் இல்லாத எண்ணெய்

எங்கள் வீட்டுக்குள் எந்த மருந்து வந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி, "இதுக்கு என்ன பத்தியம்?" என்பதுதான். மீனை விடவேண்டுமா, புளியை விடவேண்டுமா, கத்தரிக்காய் ஆகாதா? எதையாவது விடச்சொல்லாத மருந்தை நாங்கள் மருந்தாகவே மதிப்பதில்லை. விம்பிள்டனில் ஒரு கடைக்காரப் பெண் இந்தக் கேள்விக்கு வாய்விட்டுச் சிரித்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு விசர் வருகிறது.

நான் பஸ் ஓட்டுகிறவன். லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் வீடு. பிரேக்கை மிதித்து மிதித்தே வலது முழங்கால் போய்விட்டது. டாக்டர் வலிக்குளிசை எழுதித் தந்துவிட்டு, ஸ்கான், ஒப்பரேஷன் எல்லாவற்றுக்கும் காத்திருக்கச் சொன்னார். அப்போதுதான் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான்.

"அத்தான், சிபிடி எண்ணெய் எண்டு ஒண்டு இருக்கு. கஞ்சாச் செடியில இருந்து எடுக்கிறது. நாக்குக்குக் கீழ விட்டாப் போதும்."

"கஞ்சாவோ? என்னை உள்ளுக்குப் போடப் பாக்கிறியோ?"

"ஐயோ அத்தான், வெறிக்கிற சாமானை எடுத்துப்போட்டுத்தான் விக்கிறாங்கள். கடையில வெளிப்படையா வைச்சிருக்கிறாங்கள்."

நான் ஒரு சொல்லும் நம்பவில்லை. ஆனால் படியேறும்போது உயிர் போகிறதே! "ஒருக்காப் போட்டுத்தான் பாருங்கோவன்" என்று மனைவியும் பிடித்துக்கொண்டாள். போனேன்.

அந்த விம்பிள்டன் கடை ஆஸ்பத்திரியும் இல்லை, பலசரக்குக் கடையும் இல்லை. சாம்பிராணி மாதிரி ஒரு மணம். கஞ்சாச் செடி எண்ணெய், கஞ்சாச் செடி டொபி, கஞ்சாச் செடிச் சவர்க்காரம். நாய்க்கும் பிஸ்கட் இருந்தது. மூட்டுக்கு என்ன என்று அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டேன், ஒரு போத்தலை எடுத்துத் தந்தாள். பக்கத்தில் நின்றவர் நித்திரைக்குக் கேட்டார், அவருக்கும் அதே போத்தல். இதை எடுக்கும்போது எதை விடவேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டேன். அப்போதுதான் அந்தச் சிரிப்பு. ஒன்றும் விடத் தேவையில்லையாம், முழுக்க இயற்கையாம். நான் பஸ் ஓட்டுகிறவன், பரவாயில்லையா என்றும் கேட்டேன். எத்தனையோ பேர் வாங்குகிறார்கள், பயப்படவேண்டாம் என்றாள். இயற்கையாம்! அலரி விதையும் இயற்கைதானே, யாராவது அரைத்துக் குடிக்கிறார்களா?

அப்படிக் கேட்டிருக்கவேண்டும். கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஈரப் புல்லைச் சப்பியது மாதிரி ஒரு கசப்பு. முழங்கால் வலி அசையவேயில்லை. மச்சான் தினமும் போன் எடுத்து, "இப்ப எப்பிடி அத்தான்?" என்பான். "அப்பிடியேதான் கிடக்கு" என்பேன். "கொஞ்ச நாள் போகோணும்" என்பான்.

ஒருநாள் டிப்போ கன்ரீனில் சாப்பிட்டுவிட்டுப் போத்தலை வெளியே எடுத்தேன். எதிரில் இருந்த மன்னார்த் தம்பி, அவனும் பஸ் ஓட்டுகிறவன், அதைப் பறித்துப் பார்த்தான்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? உதில வெறிச்சாமான் துளி மிஞ்சியிருந்தாலும் டெஸ்டில காட்டும். எண்ணெய்தான் குடிச்சனான் எண்டா இவங்கள் கேப்பாங்களோ? வேலை துலைஞ்சுது!"

போதைப் பரிசோதனைக்காரர் எங்கள் டிப்போவுக்குச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பிடிபட்டால் வேலை போய்விடும். இந்த வயதில் எனக்கு வேறு தொழிலும் தெரியாது. நேரே மனேஜரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. பரிசோதனைக்கு எழுதிவிட்டு, முடிவு வரும்வரை பஸ்ஸைத் தொடக்கூடாது என்றார். இன்னொருவன் ஓட்டிய பஸ்ஸில் பயணியாக இருந்து வீட்டுக்கு வந்தேன். விஷயத்தைக் கேட்டதும் மனைவி அழத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த நாள் போத்தலோடு கடைக்குப் போனேன். அதே பெண்தான் நின்றாள். தாங்கள் விற்பது மருந்து இல்லையாம், உணவுப் பொருளாம். வேலையிடத்துப் பரிசோதனை பற்றித் தாங்கள் ஒன்றும் சொல்லமுடியாதாம். எல்லாம் போத்தலில் இருக்கிறதாம். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். இருந்ததுதான், எறும்பு முட்டை அளவு எழுத்தில். விற்கும்போது மூட்டுக்கு, நியாயம் கேட்டால் சாப்பாட்டுச் சாமான்! அங்கேயே நின்று சத்தம் போட்டேன். அவள் ஆத்திரப்படவில்லை. எனக்கு மன அழுத்தம் அதிகம்போல, அதற்கும் ஒரு எண்ணெய் இருக்கிறது என்று அலுமாரித் தட்டை நோக்கிக் கையை நீட்டினாள்!

முடிவு வரும்வரை சோபாவில் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் மனேஜரோ என்று முதலில் நம்பரைப் பார்த்தேன். கடைசியில் மனேஜர் கூப்பிட்டார். ஒன்றும் இல்லை, திங்கட்கிழமை வேலைக்கு வா என்றார். மனைவி சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் குடும்பத்தோடு வந்தான். நான் மாடிப்படியில் மளமளவென்று இறங்கி வந்ததைப் பார்த்தான்.

"பாத்தியளே அத்தான்! எண்ணெய் வேலை செய்துபோட்டுது!"

"டேய், பிரேக் மிதிக்காமல் காலை நீட்டிக்கொண்டு இருந்ததில மாறினதடா!"

யார் கேட்கிறார்கள்? "ஏதோ சுகம்தானே, விடுங்கோ" என்றாள் மனைவி. அவன் கோயிலிலும் போய்ச் சொல்லிவிட்டான். அன்று பின்னேரமே கிங்ஸ்பரியில் இருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் போன் எடுத்தாள். தன் கணவருக்கும் முழங்கால் வலியாம், லொறி ஓட்டுகிறவராம்.

"அந்த எண்ணெய் நல்லாக் கேக்குதாமே. அதுக்கு என்ன பத்தியம் அண்ணை?"

"வேலையை விடோணும் தங்கச்சி" என்றேன்.

அவளும் சிரித்தாள்.