வேண்டாம் என்று சொன்ன கேமரா

"எவனோ பூட்டி வச்ச பெட்டிக்குள்ள எவ்ளோ நாள்தான் மூச்சு விடுறது!"

ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் கொத்தனார் வாயில் வரும் முதல் வாக்கியம் இதுதான். செங்கல்லைத் தொட்ட கை இல்லை அது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஒன்பது வருடமாகப் படிவங்களை டைப் அடிக்கிற கை. அந்தக் கம்ப்யூட்டரில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட அவரால் மாற்ற முடியாது. பாதி படிவத்தில் தானே அணைந்து தானே எழும்.

கொத்தனார் என்ற பட்டப்பெயர் வந்தது வீட்டு லேப்டாப்பால். ஊரே ஆபரேட்டிங் சிஸ்டத்தை ரெடிமேட் சட்டை மாதிரி மாட்டிக்கொள்ளும். இவர் அதன் மூல நிரலான சோர்ஸ் கோடை இறக்கி, அதை ஓடக்கூடிய சிஸ்டமாக இரண்டு நாள் கம்பைல் செய்து, அஸ்திவாரத்திலிருந்து எழுப்புவார். "என்ன கொத்தனாரே, கூரை போட்டாச்சா?" என்பான் பக்கத்து சீட்டுக்காரன், தொண்டையைச் செருமி.

சிஸ்டத்தைப் போடும்போது அது ஆயிரம் கேள்வி கேட்கும். இது வேணுமா, அது வேணுமா? அக்கா வீட்டுப் பின்னறையில் வாஷிங் மெஷினோடு பங்கு போட்டுப் படுத்திருந்தவரை வேறு யாரும் அப்படிக் கேட்டதில்லை. அறை ஃபேனுக்குச் சுவிட்ச்கூட கதவுக்கு வெளியேதான். ஒவ்வொரு கேள்விக்கும் ராஜா மாதிரி பதில் சொன்னார். கேமராவா? 'என் மூஞ்சிய எவன் பார்க்கப் போறான்? வேண்டாம்.'

அப்போதுதான் வெளியூர் வேலைக்கு அழைப்பு வந்தது. தங்குவதற்கு அறையும் தருவார்களாம். காலை பத்து மணிக்கு, அவர்கள் தரும் புரோகிராமைப் போட்டு, கேமராவில் முகம் தெரிய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பரீட்சை எழுத வேண்டும். கொத்தனார் பெட்டியை மூட்டை கட்டாத குறை.

பரீட்சையன்று ஒன்பதே முக்காலுக்கு, முகம் வர வேண்டிய கட்டம் கறுப்பாக நின்றது. கேமரா இருக்கிறது, சிஸ்டத்துக்குத்தான் அப்படியொன்று இருப்பதே தெரியாது. அந்தப் பகுதியை மட்டும் மறுபடி கம்பைல் செய்தாலே மூன்று மணி நேரம். அக்கா புருஷனிடம் ஓடினார்.

"மாமா, உங்க லேப்டாப்ப கொஞ்சம் குடுங்களேன்!"

"எடுத்துக்கோ மாப்ள. ஆனா புதுசா எதையும் அதுல போட முடியாது. ஆபீஸ்ல பூட்டிட்டாங்க."

திரும்பி வந்து கம்பைலைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். வரிகள் ஓடின. பத்தேகாலுக்குப் பரீட்சைக் கதவு சாத்திக்கொண்டது; வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. துணி எடுக்க வந்த அக்கா பார்த்தாள்.

"போச்சா? எல்லாரையும் போல ரெடியா வர்றத போட்டுத் தொலைய வேண்டியதுதானடா? கேமரா எல்லாம் அதுல தானாவே வருமே!"

கொத்தனார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தானா வந்ததுதாங்கா இந்த ரூமு, அந்த ஆபீசு, எல்லாமே. எதையாவது எங்கிட்ட வேணுமான்னு கேட்டாங்களா? இது ஒண்ணுதான் கேட்டுச்சு, நானும் தப்பா சொல்லித் தொலைச்சேன். இருக்கட்டும், அந்தத் தப்பாவது என்னோடது. போறப்ப ஃபேன் சுவிட்ச போட்டுட்டுப் போ."