காளி வேஷமும் ஃபயர்வாலும்

நேற்று ஃபோனில் புதிதாக ஒரு செயலியை இறக்கினேன். உங்கள் படங்களைப் பார்க்கலாமா, பேச்சைக் கேட்கலாமா என்று அது கேட்கக் கேட்க, நானும் படிக்காமலே சரி சரி என்று தட்டிக்கொண்டே போனேன். அப்பா பார்த்திருந்தால் ஃபோனைப் பிடுங்கியிருப்பார்.

தூத்துக்குடியில் எங்களுக்குக் கருப்பட்டிக் கடை. அப்பாவின் சட்டையில் எப்போதும் அந்த வாசம்தான். வீட்டுக் கம்ப்யூட்டரின் மவுஸில் வாசத்தோடு பிசுக்கும் இருந்தது. ஒருமுறை வைரஸ் வந்து எல்லாம் அழிந்துபோக, சரிசெய்ய வந்தவர் ஃபயர்வால் என்று ஒன்றைப் போட்டுவிட்டு, "அண்ணாச்சி, வெளிய இருந்து எவன் வந்தாலும் ஒங்கள்ட்ட கேட்டுட்டுத்தான் இது உள்ள விடும்" என்றார். கடைக்காரருக்கு வேறென்ன வேண்டும்? அப்பா அதற்கு ரகசியமாக ஒரு பாஸ்வேர்டும் போட்டுக்கொண்டார். அது எதைக் கேட்டாலும் முடியாது என்பதே அவர் பதில்.

அந்த வருஷம் மஸ்கட்டில் இருந்த அக்கா, கல்யாணமாகி நெடுநாள் கழித்து உண்டாகியிருந்தாள். அவளுக்காக அப்பா வேண்டிக்கொண்டு, குலசை அம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு, விரதமிருந்து, காளி வேஷம் கட்டினார். சடைமுடி, கிரீடம், தொங்கும் நாக்கு, முதுகில் தகரக் கைகள். வாசலில் பக்கவாட்டாகத்தான் நுழைய முடியும். நிறைமாதத்தில் அக்கா விமானம் ஏற முடியாதே. "பிள்ள பொறக்கதுக்கு முன்ன அப்பாவ அந்தக் கோலத்துல ஒருதடவ பாத்துரணும்ளா" என்று ஃபோனில் அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

வீடியோ எடுத்தேன். மெயிலில் அடங்கவில்லை. அத்தான் சொன்னபடி இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஃபைல் பகிரும் புரோகிராம் ஒன்றைப் போட்டோம். அக்கா அங்கிருந்து எடுக்க முயலும்போதெல்லாம் இங்கே ஃபயர்வால் அவள் கம்ப்யூட்டரின் நம்பரை மட்டும் காட்டி, உள்ளே விட பாஸ்வேர்டு கேட்டுக் குறுக்கே வந்து நின்றது. கம்ப்யூட்டர் வகுப்பில் நான்தான் கெட்டிக்காரி என்று பேர். புரோகிராமைக் கழற்றினேன், மாட்டினேன், எதுவும் அசையவில்லை. அப்பாவிடம் போனேன்.

"பேரில்ல, ஊரில்ல, வெறும் நம்பரு கதவத் தட்டுது. உள்ள விடச் சொல்லுதியா?"

"அது அக்காதாம்ப்பா."

"ஏளா, ஒங்க அக்கா பேரு நம்பரா?"

அம்மாவுக்கு ஆத்திரம். ஆனால் திட்டவும் பயம். வேஷம் கட்டியவர் தெய்வமாயிற்றே.

மறுநாள் சாயங்காலம், வேஷத்தோடு வீடு வீடாகப் போய்க் கோயிலுக்குக் காணிக்கை வாங்கிவிட்டு அப்பா திரும்பினார். அக்கா மறுபடி முயன்றுகொண்டிருந்தாள். திரையில் அதே நம்பர், அதே கேள்வி. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்குப் பூரா ஒவ்வொரு வாசலா போயி நின்னேன். ஒருத்தரும் நீ யாருன்னு கேக்கல. தட்டுல போட்டுட்டுக் கும்புட்டாவ" என்றார்.

தகரக் கைகளோடு நாற்காலியில் உட்கார முடியவில்லை. குனிந்து நின்றபடியே, சாயம் பூசிய விரலால் பாஸ்வேர்டைத் தட்டினார். "வரட்டும்" என்றார்.

திரையில் பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. அது நிறையும்வரை காளி உட்பட நாங்கள் மூன்று பேரும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நிறைந்ததும் நான் கைதட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. கிரீடத்தையும் நாக்கையும் பற்றி அக்கா ஒன்றுமே சொல்லவில்லை.

"ஏளா, அப்பா எப்படி மெலிஞ்சிட்டாவ!"

அவ்வளவு சாயத்துக்கு அடியிலும் அவளுக்கு அப்பாதான் தெரிந்திருக்கிறார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். காளி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அதைவிடச் சந்தோஷமான சாயங்காலம் எங்கள் வீட்டில் வந்ததாக நினைவில்லை.

அந்தப் புரோகிராமும் ஃபயர்வாலும் பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டன. இப்போது அக்காவுக்கு எதை அனுப்பினாலும் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. பார்த்துவிட்டாள் என்பதற்கு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. ஃபோன்தான் வருவதில்லை.